வெண்சங்கு வாங்குவோருக்கு: ராமேஸ்வரம் கடைத்தெருவிலிருந்து ஆன்லைன் ‘வலம்புரி’ வரை ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூண் கட்டாத, பாலிஷ் அதிகம் ஏறாத, 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள சாதாரண இடம்புரி (வழக்கமான திசையில் சுருண்ட) வெண்சங்குதான் கடையில் கிடைப்பதிலேயே நல்ல பொருள். ஊதவும் ஆகும், அபிஷேகத்துக்கும் ஆகும், தலைமுறை தாண்டியும் உழைக்கும். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘ஒரிஜினல் வலம்புரி’ என்று வருவதை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். குழந்தைக்குப் பால் புகட்டச் சங்கு தேடுகிறவர்கள் எவர்சில்வர் பாலாடை வாங்குவது மேல். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிச் சங்குகளை வாங்கவே கூடாது. ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

வெண்சங்கு ஒரு கடல் நத்தையின் ஓடு. விலங்கியலில் அதற்கு டர்பினெல்லா பைரம் என்று பெயர். சாதுவாகப் பாசி மேயும் நத்தை அல்ல இது, வேட்டையாடுவது. மணலுக்குள் பாதி புதைந்தபடி நகர்ந்து, குழாய் கட்டி வாழும் கடற்புழுக்களைத் தேடிப் பிடித்துத் தின்னும். அதனால்தான் புழு நிறைந்த மெல்லிய மணல் தரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சங்கும் கூட்டமாகக் கிடைக்கும். சங்குகுளிக்கிறவர்கள் கடலடி மணலைப் பார்த்தே சங்கு இருக்குமா இராதா என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். மன்னார் வளைகுடாவில் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் எடுக்கிறார்கள். இழுவலையிலும் ஏறி வரும்.

வாங்குகிறவருக்கு இந்த உயிரைப் பற்றித் தெரிய வேண்டிய இன்னொரு விஷயம் அதன் இனப்பெருக்கம். ‘சங்குப் பூ’ என்று கடற்கரையில் சொல்வது இதன் முட்டைக் கூடுதான். முறுக்கிய கொம்பு மாதிரி, அறை அறையாக இருக்கும்; அடிப்பக்கம் மணலில் ஊன்றியிருக்கும். பல சிப்பி, நத்தை இனங்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போய்ப் பரவும். சங்குக்கு அந்த மிதக்கும் பருவம் கிடையாது. கூட்டிலிருந்து வெளிவரும்போதே ஓட்டோடு, ஊர்கிற குட்டியாகத்தான் வரும். ஆகவே ஒரு மணல்திட்டில் உள்ள சங்குகளை வழித்தெடுத்துவிட்டால் வேறு இடத்திலிருந்து குஞ்சு வந்து அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. குறுக்களவு 57 மி.மீ.க்குக் கீழ் உள்ள சங்கைக் கடலிலேயே திருப்பி விடவேண்டும் என்று மன்னார் வளைகுடாச் சங்குகுளிப்பில் நெடுங்காலமாக அளவு வைத்திருந்ததன் பொருள் இதுதான். கடையில் ஒரு ஸ்கேலை வைத்துச் சங்கின் வயிறு மிகப் பருத்த இடத்தில் குறுக்காக அளந்து பாருங்கள். சாவிக்கொத்து, மாலை, கார் கண்ணாடியில் தொங்கவிடும் அலங்காரம் என்று விற்பவை அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அவை வேறு இன நத்தையாக இருக்கலாம், அல்லது முட்டையிடும் வயதுக்கே வராத வெண்சங்குக் குட்டியாக இருக்கலாம். இரண்டில் எது என்று கடைக்காரருக்கும் பெரும்பாலும் தெரியாது. விட்டுவிடுங்கள்.

எங்கே வாங்குவது? ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியும் அக்னி தீர்த்தம் போகிற வழியிலும் உள்ள கடைகளில் கையில் எடுத்துப் பார்க்க நிறையக் கிடைக்கும். ஆனால் முக்கால்வாசி ஏற்கெனவே வெளுத்து, தேய்த்து, மினுக்கியவை. கீழக்கரையும் தூத்துக்குடியும் சங்கு வியாபாரத்தின் பழைய ஊர்கள். மொத்தமாக வாங்குகிறவர்களும், பாலிஷ் ஏறாத சங்கு வேண்டுகிறவர்களும் அங்கே விசாரிப்பது நல்லது. கன்னியாகுமரிக் கடைகளில் அலங்காரச் சிப்பிகள் பலவகை. வெண்சங்கு வாங்க அதுதான் இடம் என்று சொல்லமாட்டோம். ஊருக்கு ஊர் சரக்கும் வேறு. மன்னார் வளைகுடாச் சங்கை வியாபாரிகள் ‘ஜாதி’ என்றும், பாக் நீரிணைப் பக்கத்துச் சங்கைப் ‘பட்டி’ என்றும் பிரிப்பார்கள். விலையில் ஜாதிதான் உசத்தி. ஊதுவதற்கு மட்டும் என்றால் பட்டியைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

பெரிய, பழுதில்லாத சங்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: உங்களோடு போட்டி போடுவது வங்காளம். அங்கே மணமான பெண்கள் அணியும் சங்கு வளையல் இந்த ஓட்டை அறுத்துத்தான் செய்யப்படுகிறது. இங்கே எடுக்கிற சங்கில் பெரும்பகுதி அந்தத் தொழிலுக்கே போகிறது. வளையல் அறுக்க அகலமான, சுவர் தடித்த, துளையில்லாத சங்கு வேண்டும். நீங்கள் தேடுவதும் அதையேதான்.

அசலா என்று பார்ப்பது

சங்கின் வாய்க்குள் பாருங்கள். உள்ளே நடுத்தண்டில் (சுருள் சுற்றிச் செல்லும் நடுத் தூணில்) குறுக்கே ஓடும் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் இருக்க வேண்டும். வெண்சங்கின் அடையாளம் இதுதான். வெள்ளை நிறமோ, கனமோ, மினுமினுப்போ, காதில் வைத்தால் வரும் ஓசையோ அல்ல. ஆள்காட்டி விரலை வாய் வழியாக விட்டு நடுத்தண்டைத் தடவினால் வரப்பு வரப்பாகத் தட்டுப்படும். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், அந்த மடிப்புகள் வாய் ஓரத்தோடு நின்றுவிடாமல் சுருளோடு சேர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அச்சில் வார்த்த போலியில் வாயருகே மட்டும் மடிப்பு இருக்கும். உள்ளே போகப் போக மொழுமொழுவென்று ஆகிவிடும், அல்லது சுருளே இல்லாமல் அடைபட்டிருக்கும்.

காதில் வைத்தால் கடல் இரைகிறது என்பதை ஒரு சோதனையாகவே கொள்ளாதீர்கள். சுற்றியுள்ள சத்தம் எந்தக் குழிவான பாத்திரத்துக்குள்ளும் அப்படித்தான் எதிரொலிக்கும். பிளாஸ்டிக் சங்கிலும் கேட்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் என்பதும் பயன்படாது. சுண்ணாம்புச் சத்துள்ள எதுவும் அமிலத்தில் நுரைக்கும். இன்று வரும் போலிகளில் கெட்டிக்காரத்தனமானவை பளிங்குக் கல் பொடியை ரெசினில் குழைத்து வார்த்தவை, அவையும் நுரைக்கும். உங்கள் சங்கு அசலாக இருந்தால் சாறு பட்ட இடம் மங்கிப்போவதுதான் மிச்சம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை அடர்த்தி பார்ப்பது. சமையலறை டிஜிட்டல் தராசு, சங்கு முழுகும் அளவு பாத்திரம், நூல், இவ்வளவுதான் வேண்டும். முதலில் சங்கை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சங்கை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுதும் முழுக வேண்டும், அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. தராசு இப்போது காட்டும் கிராம், சங்கு இடம்பெயர்த்த தண்ணீரின் மில்லிலிட்டர். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 560 கிராம் சங்குக்குத் தராசு 200 காட்டினால் 2.8. அசல் ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது, விடை 2.7, 2.8 என்ற வாக்கில் வரவேண்டும். வெறும் ரெசின், பிளாஸ்டிக் என்றால் 1.2 பக்கம் நிற்கும். பளிங்குப் பொடி கலந்தது இடையில் எங்காவது விழும். இதில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. சுருளுக்குள் காற்று தங்கிவிட்டால் விடை குறைந்து, அசலே போலி மாதிரித் தெரியும். தண்ணீருக்குள் வைத்தே சங்கை உச்சி மேலாக, வால் (எதிர்ப்பக்கத்து ஒடுங்கிய முனை) மேலாக, பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பிக் குமிழி வருவது நிற்கும்வரை பொறுங்கள். ஊதுதுளை உள்ள சங்கில் காற்று சுலபமாக வெளியேறும். துளையில்லாததில் சற்று நேரம் பிடிக்கும். வெள்ளிப் பூண் கட்டிய சங்குக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வெள்ளி அடர்த்தி அதிகம் என்பதால் எண்ணை ஏற்றிவிடும்.

மினுக்கிய சங்கின் குறைகள்

கடலிலிருந்து வரும்போது சங்கு வெள்ளையாக இராது. மேலே பழுப்பு நிறத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கும். அதை நீக்கினால்தான் உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். வாய்ப்பக்கம் சிலவற்றில் வெளிர் ரோஜா, சிலவற்றில் ஆரஞ்சுச் சாயல் ஓடும். அது குறை அல்ல, இயற்கை. தோலை நீக்க ப்ளீச்சும் சுரண்டலும் போதும். ஆனால் வேகமாக முடிய வேண்டும் என்று ஆசிட்டில் முக்குகிறவர்கள் உண்டு. ஆசிட் தோலை மட்டும் தின்னாது, ஓட்டையும் தின்னும். அப்படிப்பட்ட சங்கை அடையாளம் காண, வாய்க்குள் இருக்கும் மடிப்புகளின் விளிம்பைப் பாருங்கள்: மழுங்கிக் கரைந்த மாதிரி இருக்கும். வெளிப்புறத்தில் வளர்ச்சி வரிகள் அறவே இராது. பாலிஷ் போன இடத்தில் நகத்தால் கீறினால் சுண்ணாம்பு மாதிரிப் பொடி வரும். இதன்மேல் மெழுகோ எண்ணெயோ பூசிப் பளபளக்க வைத்திருப்பார்கள். சில மாதத்தில் அந்தப் பூச்சு போனதும் சாக்பீஸ் நிறத்தில் நிற்கும்.

‘அண்ணே, தோல் எடுக்காதது இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் பின்னால் சாக்கில் கிடக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், விலையும் குறைவு. அதை வாங்கி வீட்டில் சுத்தம் செய்வது எங்கள் முதல் சிபாரிசு. வீட்டு உபயோக ப்ளீச் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டு, வெளிக்காற்று வரும் இடத்தில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். தோல் போகாவிட்டால் திரும்ப ஒருமுறை. ப்ளீச்சோடு கழிவறை ஆசிட், வினிகர் எதையும் சேர்க்கக்கூடாது; குளோரின் வாயு கிளம்பும்.

அடுத்து, துளை. கடற்பஞ்சில் ஒருவகையும் வேறு சில கடலுயிர்களும் சங்கு ஓட்டைத் துளைத்து அதற்குள் வாழ்பவை. அரித்த சங்கில் குண்டூசி குத்திய மாதிரிப் பொட்டுப் பொட்டாகத் துளைகள் இருக்கும், பெரும்பாலும் உச்சிப் பக்கமாக. மேலே நாலு பொட்டு தெரிந்தால் உள்ளே சல்லடையாக இருக்கலாம். இவற்றை வெள்ளை சிமெண்டோ எபாக்சியோ வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சை வாய்க்குள் விட்டு, கடையின் இருட்டான மூலையில் பாருங்கள். நல்ல ஓட்டில் வெளிச்சம் ரோஜாவும் மஞ்சளும் கலந்த ஒரே சாயலில் கசியும். ஒட்டுப்போட்ட இடம் கறுப்புத் திட்டாக நிற்கும். அதிகம் தேய்த்து மெலிந்த இடம் மற்றதைவிடப் பிரகாசமாகத் தெரியும். கீழே விழுந்தால் முதலில் உடையப்போவது அந்த இடம்தான்.

ஊதுசங்கு

கடையில் பத்துச் சங்கு எடுத்தால் நன்றாக ஊதவருவது இரண்டோ மூன்றோதான். பெரும்பாலும் சங்கின் குறை அல்ல, உச்சியை வெட்டியவரின் குறை. வெண்சங்கின் உச்சி குமிழ் மாதிரி மொத்தையாக இருக்கும். அதை அறுத்தால் வெட்டுமுகத்தில் சுருளின் சுவரும் நடுத்தண்டும் தெரியும். நடுவில் நிற்கும் அந்தத் துண்டைப் பக்குவமாகத் தட்டி எடுத்து, உதடு பொருந்தும் சிறு குழிவாக்க வேண்டும். மேலோட்டமாக அறுத்தால் துளை சிறுத்து மூச்சு திணறும். ஆழமாக அறுத்துவிட்டால் ஒரே வெட்டில் இரண்டு சுற்றுகள் திறந்துகொள்ளும். ஊதுகிற காற்று குறுக்குவழியில் போய், சத்தம் கம்மும். பிறகு அதை மெழுகாலோ சிமெண்டாலோ அடைப்பார்கள், அது நாளடைவில் விழும்.

வாங்கும்போது பாருங்கள்: துளையின் குறுக்களவு 10 முதல் 14 மி.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். சுண்டுவிரல் நுனி இறுக்கமாகப் போகிற அளவு. விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். கீறினால் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளலாம். விளிம்பிலிருந்து கீழிறங்கும் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் வேண்டாம், அது வளரும்.

கசிவு பார்க்க, ஊதுதுளையைக் கட்டைவிரலால் இறுக மூடி, வாய் மேலாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிஷம் வையுங்கள். வெளிப்புறத்தில் எங்கேனும் முத்து முத்தாக ஈரம் துளிர்த்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. பிறகு அந்தத் தண்ணீரை ஊதுதுளை வழியாக வடியவிட்டு முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் மேற்சுற்றுகளில் தசை மிச்சமிருக்கிறது. சங்கைப் புதைத்து வைத்தோ வேகவைத்தோ உள்ளிருப்பதை எடுப்பார்கள். கடைசிச் சுற்றில் ஒட்டிய துணுக்கு சிலசமயம் நின்றுவிடும். இது தீர்க்கக்கூடிய குறை. மேலே சொன்ன ப்ளீச் கரைசலை உள்ளே நிரப்பி அரை மணி நேரம் வைத்து, வேகமான குழாய்த் தண்ணீரில் துளை வழியாக அலசுங்கள். வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள், தினம் தண்ணீரை மாற்றி.

ஊதத் தெரியாதவர்கள் கடையில் கன்னம் உப்ப ஊதிப் பார்த்து ‘சத்தம் வரவில்லை’ என்று நல்ல சங்கை வைத்துவிட்டுப் போவது வழக்கம். காற்றை உள்ளே தள்ளினால் வெறும் ‘உஸ்’தான் வரும். உதடுகளை லேசாக மூடி, அவை அதிரும்படி விடவேண்டும். சங்கு அந்த அதிர்வைத்தான் பெருக்குகிறது. கன்னம் உப்பாமல், வயிற்றிலிருந்து சீராகக் காற்று வரவேண்டும். வாய்ப் பக்கம் கையை மெல்ல நுழைத்தால் சுதி இறங்கும். பெரிய சங்குக்கு உள்பாதை நீளம் அதிகம் என்பதால் சுதி தாழ்ந்து கனமாக இருக்கும். சிறியது கூர்மையாக ஒலிக்கும். கோயிலில் சேகண்டியோடு சேர்த்து ஊத நடுத்தர அளவுதான் வசதி. நீண்ட நேரம் பிடிக்க 18 செ.மீ. சங்கு கை வலிக்கும்.

வலம்புரி

சங்கின் உச்சி உங்கள் பக்கமும் வால் எதிர்ப்பக்கமும் இருக்க, வாய் மேலே பார்க்கும்படி வையுங்கள். வாய் உங்கள் இடப்பக்கம் திறந்தால் இடம்புரி, வலப்பக்கம் திறந்தால் வலம்புரி. கடலில் எடுக்கிற வெண்சங்கு அநேகமாக எல்லாமே இடம்புரிதான். பிறவியிலேயே எதிர்த்திசையில் சுருண்டது மிக மிக அரிது. கிடைத்தால் அதன் விலை லட்சக்கணக்கில் பேசப்படும். எத்தனை சங்குக்கு ஒன்று என்று விற்பவர்கள் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இவ்வளவு அரிதான ஒன்று ‘ஸ்டாக் உள்ளது, கேஷ் ஆன் டெலிவரி’ என்று வராது, அதுமட்டும் போதும்.

அப்படியானால் வலப்பக்கம் திறக்கிற இந்த வெள்ளைச் சங்கெல்லாம் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலானவை போலிகூட அல்ல, உண்மையான ஓடுகள். ஆனால் வேறு நத்தை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் மின்னல் வெல்க் என்ற இனம் அது. அதுவும் வேட்டையாடும் நத்தைதான். சிப்பியைக் காலால் பற்றி, தன் ஓட்டின் விளிம்பை ஆப்பு மாதிரி நுழைத்துத் திறந்து தின்னும். அந்த இனத்தில் அநேகமாக எல்லாமே அந்தப் பக்கமாகத்தான் சுருளும். அங்கே சாதாரணமாகக் கிடைப்பது. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சிப்பியாக அறிவித்திருக்கிறது. அந்த ஓட்டை வெளுத்து, தோள்பட்டையில் இருக்கும் முண்டுகளைத் தேய்த்துவிட்டால் பார்வைக்கு வலம்புரி ஆகிவிடும்.

பிரித்தறிய, விரலை விடுங்கள். மின்னல் வெல்க்கின் நடுத்தண்டு வழவழப்பாக இருக்கும், மடிப்பே இராது. வெண்சங்கில் மூன்று நான்கு மடிப்பு. இதற்கு விதிவிலக்கு கிடையாது. மற்றபடி வெல்க்கின் வால் நீண்டு ஒடுங்கியிருக்கும், ஓடு மெலிந்து அளவுக்குக் கனம் குறைவாக இருக்கும். இளசாக இருந்தால் நெடுக்கில் பழுப்புக் கோடுகளின் தடம் வெளுப்பையும் மீறித் தெரியும். ‘மினி வலம்புரி’ என்று விரல் நீளத்தில் வருபவை பெரும்பாலும் இதே இனத்தின் குட்டிகள்.

சர்டிபிகேட் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். விலங்கியலில் ஓட்டை உச்சி மேலாக வைத்துப் பார்ப்பார்கள். நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். ஆகவே ‘டெக்ஸ்ட்ரல்’, அதாவது வலச்சுருள், என்று எழுதியிருந்தால் அது நம் சாதாரண இடம்புரி. நம் வலம்புரிக்கு அங்கே ‘சினிஸ்ட்ரல்’ என்று எழுதுவார்கள். வலச்சுருள் என்ற ஒரு சொல்லைக் காட்டியே சாதாரணச் சங்கை வலம்புரி விலைக்கு விற்றுவிட முடியும். ‘இயற்கையான ஓடு’ என்று மட்டும் சொல்லும் சான்று எதையும் நிரூபிக்காது, வெல்க்கும் இயற்கையான ஓடுதான். டர்பினெல்லா பைரம், சினிஸ்ட்ரல் என்று இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். புசிகான், சினிஸ்ட்ரோஃபல்கர் என்ற பெயர்கள் இருந்தால் அது அமெரிக்க நத்தை. பெரிய தொகை கொடுக்கிறவர்கள் எக்ஸ்ரே படம் கேளுங்கள். சுருளின் திசையும் நடுத்தண்டும் உடைத்துப் பார்க்காமலே தெரியும். ஆன்லைன் படங்களை மட்டும் நம்பாதீர்கள். இடம்புரிப் படத்தைக் கணினியில் இடவலம் திருப்பிப்போட ஒரு நொடி போதும். உங்கள் ஆர்டர் எண்ணை எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

அரிசியில் வைத்தால் தானாக நகரும், பாலில் போட்டால் எதிர்த்திசையில் சுற்றும் என்ற செய்முறைகளைக் கடையில் காட்டினால், பணத்தை எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள். எந்தச் சங்கும் அப்படிச் செய்யாது.

பூண், அபிஷேகம், பாலாடை

பூண் கட்டிய சங்கு அழகுதான். ஆனால் பூண் மறைக்கிற இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. சங்கைத் தனியாகப் பார்த்து வாங்கி, நம்பிக்கையான ஆசாரியிடம் கொடுத்துப் பூண் கட்டிக்கொள்வதே சரி. அரக்கு வைத்து ஒட்டிய பூண் சூட்டில் இளகும், வெந்நீரில் கழுவக்கூடாது. சங்குக்கு வரும் பெரிய சேதம் இந்தப் பூணைத் துலக்குவதில்தான் வருகிறது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். புளியின் அமிலம் பூணைச் சுற்றியுள்ள ஓட்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அரிக்கும். பழைய சங்குகளில் பூண் விளிம்பை ஒட்டி ஒரு மங்கிய வளையம் தெரிவது இதனால்தான். பூணை மட்டும் உலர்ந்த துணியும் விபூதியும் வைத்துத் துடைத்தால் போதும்.

கார்த்திகைச் சோமவாரச் சங்காபிஷேகத்துக்கு 108, 1008 என்று வாங்கும் கோயில்கள் ஊதுதுளை இல்லாத சங்காகக் கேட்டு வாங்க வேண்டும்; துளையை மெழுகால் அடைத்தது வேண்டாம். ஒரே நீளத்தில் இருந்தாலும் கொள்ளளவு மாறும். சுவர் தடித்தது குறைவாகப் பிடிக்கும். சாக்கிலிருந்து ஒரு பத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்து, பிறகு மொத்த விலை பேசுங்கள். தரையில் வைத்தால் உருளாமல் வாய் மேலாக நிற்கிறதா என்பதும் முக்கியம். ஒரே அளவுள்ள ஆயிரம் சங்கு கேட்டால் குட்டிகளைக் கலந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்கள். அளவு முன்பின் இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்வது கோயிலுக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

பாலாடையாகச் சங்கைப் பயன்படுத்துவது பற்றி எங்கள் கருத்து கறாரானது. உள்சுற்றுக்குள் பால் போய்த் தங்கும், பிரஷ் எட்டாது, கொதிக்க வைத்தால் மெழுகுப் பூச்சு இளகும், ஒட்டுப்போட்ட இடம் திறக்கும். எந்த ரசாயனத்தில் வெளுத்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. மருத்துவமனைகளில் பயன்படுத்துவது எவர்சில்வர் பாலாடை. வடிவம் அதேதான், கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம். இதே காரணத்துக்காக, கடையில் வாங்கிய மினுக்கிய சங்கை உரசி முகப்பருவுக்குப் பூசுவதும் வேண்டாம்.

அதே கடைகளில் வேறு பெரிய ஓடுகளும் இருக்கும், கொஞ்சம் கவனமாக இருங்கள். வெண்சங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இல்லை. ஆனால் 2001இல் பல கடல் நத்தை, சிப்பி இனங்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தலைக்கவசம் மாதிரிக் கொம்புள்ள கேசிஸ் கார்னூட்டா, பழுப்புப் புள்ளி போட்ட நீண்ட டிரைட்டன் சங்கு, நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி இவையெல்லாம் அதில் உண்டு. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் சங்குகளிலும் சில வகைகள் உண்டு. இவற்றை விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். ‘பழைய ஸ்டாக்’ என்ற விளக்கம் சோதனைச் சாவடியில் உங்களைக் காப்பாற்றாது. வெண்சங்கு வாங்கினாலும் பில்லில் ‘அலங்காரப் பொருள்’ என்று போடவிடாமல் ‘வெண்சங்கு’ என்றே எழுதி வாங்குங்கள். ரயிலிலோ விமானத்திலோ கேட்டால் காட்ட உதவும்.

வீட்டுக்கு வந்தபின்

நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். உள்ளே ஈரம் நிற்காமல் வால் கீழாகச் சாய்த்து வையுங்கள். வெயிலில் நாள்கணக்கில் வைத்தால் வாய்ப்பக்கத்து ரோஜாச் சாயல் வெளுத்துவிடும். பளபளப்பு வேண்டுமென்று தேங்காய் எண்ணெய் தடவினால் சில வாரத்தில் சிக்கு வாடை அடித்து, மஞ்சளேறும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு துணியில் எடுத்து வெளிப்புறம் மட்டும் துடைக்கலாம். அபிஷேகச் சங்குக்கு அதுவும் வேண்டாம்.

பிளைவுட் பூஜை அலமாரிக்குள் கதவை மூடி வைத்தால் சில சங்குகளின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும், முகர்ந்தால் லேசான வினிகர் வாடை இருக்கும். பூஞ்சை என்று நினைத்து எலுமிச்சை போட்டுத் தேய்ப்பார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் அமில ஆவி, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து ஓட்டின் சுண்ணாம்பைத் தாக்குவதால் வரும் உப்பு அது. அருங்காட்சியகங்களில் சிப்பிச் சேகரிப்பை அழிக்கிற அதே நோய். சங்கை வெளியே எடுத்து, தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, பொடி கரைந்ததும் நன்றாக உலர்த்தி, காற்றோட்டமான திறந்த தட்டிலோ கண்ணாடி அல்லது உலோக அலமாரியிலோ வையுங்கள். அரித்த பள்ளம் திரும்ப நிரம்பாது. ஆனால் அதோடு நின்றுவிடும்.